ஆறு சுமந்து வரும் மண்

நேயர்களுக்கு வணக்கம்.

உலகின் பெரிய நதிகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருந்தார்கள். பெரிய நதி என்றதும், நைல் நீளமா அமேசான் நீளமா என்ற பள்ளிக்கூடக் கேள்விதான் முதலில் வரும். அளப்பவர் எந்த ஓடையை நதியின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து அந்தப் பதில் மாறும். அதை விட்டுவிடலாம். தண்ணீரை யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் நாள்தோறும் செய்தியில் வருகிறது. நான் பேச வந்தது தண்ணீரோடு சேர்ந்து வருகிற மண்ணைப் பற்றி. வண்டல், சேறு, மணல் எல்லாம் சேர்த்துத்தான். காவிரி என்றாலே நமக்கு டி.எம்.சி. கணக்குதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தண்ணீரில் எத்தனை டன் மண் வந்தது என்று யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.

மலையில் பெய்யும் மழை பாறையையும் கரையையும் அரித்துக்கொண்டு இறங்குகிறது. சமவெளியில் வேகம் குறையும்போது ஆறு முதலில் கனமான மணலையும், அப்புறம் நுண்ணிய வண்டலையும் இறக்கிவைக்கிறது. மிச்சம் கடல் முகத்தில் படிகிறது. ஆண்டுதோறும் இப்படிப் படிந்து படிந்து உண்டான நிலத்தைத்தான் டெல்டா என்கிறோம். தஞ்சாவூரும் அப்படி வந்ததுதான், எகிப்தின் வடக்கும் வியட்நாமின் தென்கோடியும் அப்படி வந்தவைதான். இந்த நிலத்துக்கு ஒரு குணம் உண்டு. தன் எடையாலேயே மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டிருக்கும். மேலே புது மண் விழுந்துகொண்டே இருந்தால் ஈடாகிவிடும். விழாவிட்டால் கடல் உள்ளே வரும்.

நைலை எடுத்துக்கொள்வோம். சூடானின் கார்ட்டூம் நகரத்தில் இரண்டு நைல்கள் கூடுகின்றன. விக்டோரியா ஏரிப் பக்கத்திலிருந்து வருவது வெள்ளை நைல், எத்தியோப்பியாவின் டானா ஏரியிலிருந்து வருவது நீல நைல். எகிப்துக்குப் போய்ச் சேர்ந்த வண்டலில் மிகப் பெரிய பங்கு, எத்தியோப்பிய மலைகளில் மழைக்காலத்தில் கரைந்து நீல நைலிலும் அட்பாரா ஆற்றிலும் வந்த எரிமலை மண். எகிப்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கோடைமுடிவில் வரும் வெள்ளத்தை வயலில் தேக்கி, வடிந்ததும் அந்தச் சேற்றில் விதைப்பார்கள். ஃபாரோ மன்னர்கள் காலத்திலிருந்து அதுதான் விவசாயம், அதுதான் உரம்.

1960-இல் அஸ்வான் உயர் அணை கட்டத் தொடங்கினார்கள். சோவியத் உதவியோடு 1970-இல் வேலை முடிந்தது. உயரம் 111 மீட்டர். பின்னால் தேங்கிய நாசர் ஏரியின் நீளம் சுமார் 500 கிலோமீட்டர். எகிப்து, சூடான் எல்லையோரம் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஏறக்குறைய ஒரு லட்சம் நூபிய மக்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அபு சிம்பெல் கோயிலை அறுத்து எடுத்து மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள், அது உலகத்துக்கே தெரிந்தது. நூபிய ஊர்களைப் பற்றி அவ்வளவு பேர் பேசவில்லை.

அணையால் நன்மை இல்லை என்று சொன்னால் அது பொய். 1980-களில் எத்தியோப்பியாவில் மழை பொய்த்துப் பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அதே நதியை நம்பியிருந்த எகிப்து நாசர் ஏரியின் இருப்பை வைத்துத் தப்பித்தது. மின்சாரம் வந்தது. ஆண்டு முழுக்கப் பாசனம் கிடைத்தது. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 12 கோடி டன் என்று கணக்கிடப்பட்ட வண்டல், அநேகமாக முழுவதும், ஏரியின் அடியில் தங்கிவிட்டது.

அதன் விளைவு முதலில் தெரிந்தது வயலில் இல்லை, கடலில். நைல் வெள்ளம் மத்தியதரைக் கடலில் கலக்கும்போது அதன் சத்தில் நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன மத்தி மீன் கூட்டம் கூட்டமாக வரும். 1960-களின் தொடக்கத்தில் எகிப்துக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 18,000 டன் மத்தி பிடித்தார்கள். அணையில் தண்ணீரைத் தேக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் அது சில நூறு டன்னாக விழுந்தது. 1980-களில் மீன்பாடு திரும்ப ஏறியது. காரணம் தேடிப் பார்த்தால், வயல்களிலிருந்து வடிந்த ரசாயன உரமும், கெய்ரோ, அலெக்சாந்திரியா நகரங்களின் சாக்கடையும் வண்டலின் இடத்தைப் பிடித்திருக்கின்றன என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

செங்கல் சூளைக்காரர்கள் அடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் செங்கல் அறுத்தவர்களுக்கு மண் இல்லாமல் போனதும், விளைநிலத்தின் மேல்மண்ணை விலைக்கு வாங்கிச் சுரண்டத் தொடங்கினார்கள். 1980-களில் அரசு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. நைலின் ரொசெட்டா, டாமியெட்டா முகத்துவாரங்களில் கடல் கரையைத் தின்றது. இன்றைக்கும் அங்கே கல்லும் கான்கிரீட்டும் கொட்டித் தடுப்பு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அணைக்கு முன்னால் 1959-இல் எகிப்தும் சூடானும் ஓர் ஒப்பந்தம் போட்டன. எகிப்துக்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. ஏரியில் ஆவியாகப் போகும் தண்ணீருக்குக்கூட ஒதுக்கீடு உண்டு. பங்கு போட்டது அவ்வளவும் தண்ணீரைத்தான். மழை பெய்கிற எத்தியோப்பியாவை யாரும் கூப்பிடவில்லை. அந்த எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே கட்டிய மறுமலர்ச்சிப் பேரணையை 2025 செப்டம்பரில் திறந்துவைத்தது. இனி நீல நைலின் மண் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். சூடானுக்கு இதில் ஒரு லாபமும் இருக்கிறது. அதன் ரோசைரஸ் அணை சேறடைத்துக் கொள்ளளவில் கணிசமான பகுதியை இழந்திருந்தது, கெஜிரா பாசன வாய்க்கால்களைத் தூர்வாரியே ஓய்ந்துபோனார்கள். அதே சூடானில் ஆற்றோரம் வெள்ளம் வடிந்த சேற்றில் பயிர் வைக்கிறவர்களுக்கும், கார்ட்டூம் கரையில் செங்கல் அறுக்கிறவர்களுக்கும் அது நஷ்டம்.

மண் அதிகமானால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் மஞ்சள் ஆறு இருக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த பொடிமண் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு வருகிற ஆறு அது. பத்துப் பங்கு தண்ணீரில் ஆறு பங்கு சேறு என்று ஹான் அரசர்கள் காலத்திலேயே எழுதிவைத்தார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அளந்தபோது ஆண்டுக்குச் சராசரி 160 கோடி டன் மண் வந்தது. சேறு அடியில் படியப் படிய ஆறு உயர்கிறது, ஆறு உயர உயரக் கரையை உயர்த்துகிறார்கள். கைஃபெங் நகரத்துக்குப் பக்கத்தில் ஆற்றின் படுகை ஊரைவிட மேலே இருக்கிறது. கரை உடைந்தால் ஆறு பழைய தடத்துக்குத் திரும்பாது. 1855-இல் அப்படி உடைத்துக்கொண்டு ஷான்டோங் தீபகற்பத்துக்குத் தெற்கே விழுந்துகொண்டிருந்தது வடக்கே போய் விழ ஆரம்பித்தது. 1938-இல் ஜப்பானியப் படையைத் தடுக்கச் சீன அரசே ஹுவாயுவான்கோ என்ற இடத்தில் கரையை உடைத்தது. செத்தவர்கள் பல லட்சம், அவர்கள் எல்லாரும் சொந்த நாட்டு விவசாயிகள்.

இந்த ஆற்றில்தான் 1950-களின் கடைசியில், சோவியத் வடிவமைப்பில், சான்மென்ஷியா அணையைக் கட்டினார்கள். ட்சிங்ஹுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹுவாங் வான்லி எதிர்த்தார். கட்டித்தான் தீருவேன் என்றால் அடிமட்டத் துளைகளையாவது அடைக்காதீர்கள், சேறு வெளியேற வழி வேண்டும் என்று வாதாடினார். அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சி அவருக்கு வலதுசாரி என்று குற்ற முத்திரை குத்தியது, துளைகளைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். 1960-இல் தண்ணீர் தேக்கியதும் ஓரிரு ஆண்டுகளிலேயே சேறு ஏறி, துணையாறான வெய் ஆற்றின் வாயை அடைத்து, ஷியான் நகரத்துக்கே வெள்ள ஆபத்து வந்தது. பிறகு சுரங்கம் வெட்டி, அடைத்த துளைகளைத் திரும்பவும் குடைந்து திறந்தார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. 1829-இல் காவிரிப் பாசனப் பொறுப்புக்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையில் மணல் போக்கிகளை அமைத்தார். அப்போது காவிரி மணல் மேடிட்டுத் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1836-இல் முக்கொம்பில் மேலணை வந்ததும் அந்தக் காரணத்தால்தான். மணலுக்கும் ஒரு வழி விட வேண்டும் என்பது சான்மென்ஷியாவுக்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த விஷயம். அதற்குப் பிறகு மேட்டூரில் 1934-இல் அணை வந்தது. அங்கே தங்கிய வண்டலை விவசாயிகள் அள்ளிக்கொள்ளலாம் என்று அரசு தூர்வாரத் தொடங்கியது 2017-இல்.

சீனர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 2001-இல் கட்டி முடித்த ஷியாவ்லாங்டி அணையில் 2002 முதல் பெரும்பாலான ஆண்டுகளில், ஜூன் ஜூலை வாக்கில், வெள்ளத்துக்கு முன்னால் மதகுகளைத் திறந்து வேகமாகத் தண்ணீர் விடுகிறார்கள். அணையில் தங்கிய சேறும் கீழே படுகையில் கிடக்கும் மணலும் கடலுக்குத் தள்ளப்படுகின்றன. கீழ்ப்பகுதியில் படுகை சராசரியாக 2 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. மேட்டுநிலத்தில் 1999 முதல் சரிவு வயல்களை விட்டுவிட்டுப் புல்லும் மரமும் வளர்க்க விவசாயிகளுக்கு மானியம் கொடுத்தார்கள். மண்வரத்து இப்போது பழைய அளவில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் தண்ணீரும் குறைந்தது. 1997-இல் 226 நாள் இந்த ஆறு கடலைத் தொடவே இல்லை. அதன்பிறகு மாகாணவாரியாகப் பங்கை இறுக்கிப் பிடித்ததால் வற்றாமல் ஓடுகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1927 வெள்ளத்துக்குப் பிறகு கரைகளை உயர்த்தினார்கள், துணையாறான மிசூரியில் பெரிய அணைகளைக் கட்டினார்கள், எண்ணெய்க் கம்பெனிகள் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டின. 1930-களிலிருந்து லூயிசியானா மாநிலம் கடலிடம் இழந்த நிலம் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர். புதுச்சேரியைப் போல் பத்து மடங்கு. கரையில் ஓர் இடத்தில் மதகு வைத்துச் சேற்றுத் தண்ணீரைச் சதுப்புக்குள் விட்டு நிலத்தை வளர்ப்போம் என்று சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒன்றை 2023-இல் தொடங்கினார்கள். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த எண்ணெய்க் கசிவுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம் அது. உப்புநீரில் வளரும் சிப்பிகள் நன்னீர் வந்தால் செத்துவிடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள், செலவும் ஏறியது. 2025 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள். மீனவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிலம் இறங்குவது அதனால் நிற்கப்போவதில்லை.

மீகாங்குக்கு வருவோம். சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று 6 நாடுகளைக் கடக்கும் ஆறு. கம்போடியத் தலைநகர் நாம்பென்னில் இதோடு டோன்லே சாப் என்ற ஆறு சேர்கிறது. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது அந்த ஆறு பின்னோக்கி ஓடும். அது புறப்படும் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000 வரைக்கும் விரியும். காடெல்லாம் தண்ணீருக்குள், காட்டுக்குள் மீன். நவம்பரில் ஓட்டம் திரும்பும்போது படகுப் போட்டியோடு பெரிய திருவிழா. அந்த வெள்ளம் சுமந்து வருவதும் சேறுதான்.

2019 கடைசியில் தாய்லாந்தின் வடகிழக்கில் பழுப்பாக ஓடிய மீகாங் நீலமாக மாறியது. அழகாக இருக்கிறது என்று மக்கள் போட்டோ எடுத்தார்கள். மழை குறைவு, மேலே அணைகள், தண்ணீர் நின்று வண்டல் அடியில் இறங்கிவிட்டது. அந்த ஆண்டுதான் லாவோசில் ஷயாபுரி அணை மின் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. மீகாங்கின் வண்டலில் சுமார் பாதி சீன மலைகளிலிருந்து வந்தது. அங்கே 1990-களிலிருந்து வரிசையாக அணைகள். சேறு இல்லாத தெளிந்த தண்ணீர் ஓடும்போது ஆறு தன் கரையையும் அடியையும் அரிக்கத் தொடங்கும். வியட்நாம் பக்கம் ஆற்றோர வீடுகள் சரிந்து விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் மணல் அள்ளுவது. கட்டடத்துக்குப் பாலைவன மணல் உதவாது, காற்றில் உருண்டு வழவழப்பாகிவிடும். ஆற்று மணல்தான் பிடிக்கும். நாம்பென்னில் போயங் காக் என்ற ஏரியையே ஆற்று மணலை இறைத்து மூடிக் கட்டடம் எழுப்பினார்கள். 2017-இல் கம்போடியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தது, உள்ளூருக்கு அள்ளுவது நிற்கவில்லை. காவிரி, பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு மணல் லாரியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

வியட்நாமின் நெல்லில் பாதிக்கு மேல் விளையும் மீகாங் டெல்டா கடல்மட்டத்துக்குச் சராசரியாக ஒரு மீட்டர்கூட உயரமில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் இன்னும் வேகமாக இறங்குகிறது. 2016-இலும் 2020-இலும் உப்புநீர் வெகுதூரம் உள்ளே ஏறிப் பயிர் கருகியது. இதில் வியட்நாமின் சொந்தக் கை வேலையும் உண்டு. மூன்றாம் போகத்துக்காக வயல்களைச் சுற்றி உயரமான கரை போட்டார்கள், வருகிற கொஞ்ச வண்டலும் வயலில் ஏறாமல் போனது, உரச் செலவு கூடியது. இரண்டு போகத்தோடு நிறுத்தி, மூன்றாவதற்குப் பதில் வெள்ளத்தை உள்ளே விடுங்கள் என்று அங்குள்ள நிபுணர்கள் சொல்லிவருகிறார்கள். கடனில் இருக்கும் விவசாயிக்கு அது சுலபமாக ஏற்கக்கூடிய யோசனை இல்லை.

கீழே ஆற்றின் பிரதான ஓட்டத்தில் சம்போர், ஸ்டுங் ட்ரெங் என்று இரண்டு பெரிய அணைகளுக்குக் கம்போடியா திட்டம் வைத்திருந்தது. கட்டினால் டெல்டாவுக்கு வருகிற மிச்ச மண்ணும் நிற்கும். 2020-இல் அரசு பிரதான ஓட்டத்தில் 10 ஆண்டுக்கு அணை இல்லை என்று அறிவித்தது. அந்தத் தவணை 2030-இல் முடிகிறது.

நன்றி, வணக்கம்.