பத்துக்குப் பத்து ரூமில் மிக்ஸிங்: மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள்

(திரையில்: சிறிய அறை, மேசை மேல் இரண்டு ஸ்பீக்கர்கள், மூலையில் இரும்பு பீரோ)

ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் இந்த ஒலி வரவே வராது. 56 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 56 அதிர்வு, ஒரே சுரம், விடாமல் ஓடுகிறது. மைக்கோடு பின்சுவர் ஓரம் நிற்கிறேன். பீரோ மேல் இருக்கிற சில்வர் டம்ளர் நடுங்குவது கேட்கிறதா? அப்படியே இரண்டு எட்டு வைத்து அறையின் நடுவுக்கு வருகிறேன்.

ஒலி எங்கே போச்சு?

வால்யூமை யாரும் தொடவில்லை. ஸ்பீக்கரும் அதேதான். மாறியது நான் நிற்கும் இடம் மட்டும்.

வணக்கம் மக்களே! சேலத்திலிருந்து பேசுகிறேன். ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1930-களில் டி.ஆர்.சுந்தரம் நம்ம ஊரிலேயே முழு சினிமா ஸ்டுடியோ கட்டினார். இன்று பாட்டு மிக்ஸ் செய்ய, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்க, அவ்வளவு பெரிய வளாகம் வேண்டாம், ஒரு வாடகை அறை போதும். ஆனால் அந்த அறையே உங்களை ஏமாற்றும். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்ற கேள்விக்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மானிட்டர் என்றால் ஒலியை உள்ளபடி காட்டும் மிக்ஸிங் ஸ்பீக்கர். பவர்டு மானிட்டர் என்றால் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், தனியாக வாங்க வேண்டாம். பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், இரைச்சல் குறையும். இனி விஷயத்துக்கு வருவோம்.

போன வருஷம் ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்காக ஒரு பக்திப் பாட்டு மிக்ஸ் செய்தேன். பம்பையும் உருமியும் அழகாகப் பதிவாகியிருந்தன. தாழ்ந்த சுரங்களை, அதாவது பேஸை, வாசிக்கும் பேஸ் கிடார் மட்டும் எனக்குக் கேட்கவே மாட்டேன் என்றது. ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். தெருவில் பெட்டி ஸ்பீக்கரில் போட்டபோது பேஸ் மட்டும் 'திம்'மென்று ஊரையே மூடியது. பாடிய பெண்ணின் ஒரு வரிகூடப் புரியவில்லை. அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

காரணம் ஒரு சின்னக் கணக்கு. ஒலி நொடிக்குச் சுமார் 1,125 அடி போகும். அறையின் நீளத்தை அடியில் அளந்து இரண்டால் பெருக்குங்கள். 1,125-ஐ அதனால் வகுங்கள். பத்தடி அறை என்றால் 1,125 வகுத்தல் 20, கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸ். அந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும்போது சுவரோரம் பெருகும், நட்டநடுவில் அடங்கிவிடும். பேஸ் கிடாரின் ஏ கம்பியைச் சும்மா மீட்டினால் எவ்வளவு தெரியுமா? 55 ஹெர்ட்ஸ்! பாட்டும் ஏ ஸ்கேல். என் நாற்காலி இருந்ததோ அறையின் சரிபாதியில்.

நம்ம வீடுகளில் இன்னொரு வில்லங்கம், கூரையும் பெரும்பாலும் பத்தடிதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று சிக்கலும் அதே 56-இல் வந்து குவியும். மிக்ஸிங்குக்கு இதைவிட மோசமான அறை கிடையாது.

(திரையில்: நாற்காலியை முன்னால் இழுக்கும் காட்சி)

இப்போது பாருங்கள். நாற்காலியை ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக முன்னால் இழுக்கிறேன். பேஸ் திரும்பி வந்துவிட்டது! ஒரு பைசா செலவில்லை. ஸ்பீக்கர் பக்கம் இருக்கும் முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத் தூரத்தில் உட்கார்ந்து தொடங்குங்கள், அப்புறம் காதால் சரிசெய்யுங்கள்.

முட்டை அட்டை ஒட்டலாமா என்று கேட்காதீர்கள். பேஸுக்கு அது இருந்தும் இல்லாத மாதிரி. இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தால் கைதட்டும்போது வரும் எதிரொலி அடங்கும், 56 ஹெர்ட்ஸ் அடங்காது.

சரி, என்ன வாங்கலாம்? இந்த மாதிரி அறைக்கு எட்டு இஞ்ச் கூம்பு உள்ள மானிட்டர் வேண்டவே வேண்டாம், ஐந்து இஞ்ச் போதும். யமஹா எச்எஸ்5 பின்னால் ரூம் கன்ட்ரோல் என்று ஒரு சுவிட்ச் உண்டு. சுவரை ஒட்டி வைத்தால் பேஸை 2 அல்லது 4 டெசிபல் குறைக்கலாம். அதன் வெள்ளைக் கூம்பைப் பார்த்தால் எனக்கு யமஹாவின் பழைய என்எஸ்-10 ஸ்பீக்கர் நினைவுதான் வரும். 1978-இல் வீட்டில் பாட்டுக் கேட்க வந்த பெட்டி அது. ஆழமான பேஸ் கிடையாது, கேட்கவும் இனிமை இல்லை. ஆனால் மிக்ஸில் உள்ள குறையை ஒளிக்காமல் காட்டியது. 2001-இல் உற்பத்தி நிற்கும்வரை உலகமெங்கும் ஸ்டுடியோக்களில் அதுதான் இருந்தது. நமக்கு வேண்டியது அந்தக் குணம்.

பணம் குறைவாக இருந்தால் முதலில் ஹெட்போன் வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் அதற்குள் அறையே கிடையாது. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறீர்களா? காதை மூடும் குளோஸ்டு பேக் எடுங்கள், சோனி எம்டிஆர்-7506 மாதிரி. 1991-இல் வந்தது, இன்றும் வேலை செய்கிறது. ஏற்காட்டில் அமைதியான வீடா? கொடுத்துவைத்தவர்! பின்பக்கம் திறந்திருக்கும் ஓப்பன் பேக் எடுங்கள், சென்ஹைசர் எச்டி 600 மாதிரி. மணிக்கணக்கில் போட்டிருந்தாலும் காது சலிக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஹெட்போனில் இடது பக்க ஒலி வலது காதுக்குப் போவதில்லை, அதனால் எல்லாமே அகலமாகத் தோன்றும். பேனிங்கையும் (ஒலியை இடம் வலமாகப் பிரிப்பது) ரிவெர்பையும் (எதிரொலி சேர்ப்பது) மட்டும் மானிட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் அறையின் நீளம், அகலம், உயரம், நாற்காலி முன்சுவரிலிருந்து எத்தனை அடி என்று கமென்ட்டில் போடுங்கள். எந்த சுரம் உங்களிடம் ஒளிந்துகொள்கிறது என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.