ஊரோட ஓடற ஜெர்மன் வினைச்சொல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்தின கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். மாஹென்ங்கற ஜெர்மன் சொல்லோட பூர்வீகம், அது காலத்துக்கு மாறுற விதம், அதோட சொந்தக்காரச் சொற்கள், இப்படி மூணு விஷயம் பேசறேன்னு நோட்டீஸ்ல போட்டுட்டாங்க.

மாஹென்னா செய்யறது. ஆதி வேர் மாவு, களிமண் பிசையறதா இருந்திருக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. இங்கிலீஷ் மேக் இதுக்குப் பங்காளி. வட ஜெர்மனி வட்டாரப் பேச்சுல மாகென், தெற்கே மாஹென், அந்த எல்லைக்கோடு டுசல்டார்ஃப் பக்கம் பென்ராத்ல ரைன் ஆத்தைத் தாண்டுது, அதனால பென்ராத் கோடுன்னே பேரு.

நான் செய்யறேன், நீ செய்யறே, அவன் செய்யறான்கறது இஹ் மாஹெ, டு மாஹ்ஸ்ட், ஏர் மாஹ்ட். நேத்துன்னா ஒரு 'ட'கரம் ஒட்டி மாஹ்டெ, செஞ்சாச்சுன்னா கெமாஹ்ட், வேர் அசையவே அசையாது. இதுக்குப் போய் 'பலவீன வினை'ன்னு பேர் வெச்சார் யாக்கோப் கிரிம், தேவதைக் கதை தொகுத்த அதே கிரிம்தான், 1819ல இலக்கணப் புத்தகம் போட்டவர். எனக்கு அந்தப் பேர் பிடிக்கலை. ஊர் ஓடினா ஒத்து ஓடு, ஒருத்தன் ஓடினா கேட்டு ஓடும்பாங்க. இது ஊரோட ஓடற கூட்டம். போறதுக்கான கேயென் இருக்கே, அது பலசாலி, கிங், கெகாங்கென்னு தனியா ஓடும், கேட்டுத்தான் ஓடணும்.

எங்க அக்கா பொண்ணு ஜெர்மனியில நர்ஸ். வார்டுல ஒரு பாட்டி நேத்து எங்கே போனேம்மான்னு கேக்க, இவ பாட்டுக்கு கெகாங்கென்னு சொல்லாம, கெமாஹ்ட் மாதிரியே 'கெகேட்'னு அடிச்சு விட்டிருக்கா. பாட்டியைப் பாக்க வந்த பேரன், எல்கேஜி வயசு, "நானும் பார்க்குக்கு கெகேட்"ங்கறான்! பாட்டி சிரிச்ச சிரிப்புல டிரிப்ஸ் ஸ்டாண்டே ஆடிப்போச்சாம், ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலான்னு கேட்டு, அன்னியிலேருந்து ஊசி போட இவதான் வரணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்களாம்.

ரொட்டி சுடற பாக்கென்னுக்கு இறந்தகாலம் முன்னாடி பலசாலி மாதிரி 'பூக்'னு இருந்துச்சு, இப்ப ஜனங்க 'பாக்டெ'ங்கறாங்க. கூகுள் பண்ணியாச்சுன்னா அதுவும் கெகூகெல்ட். ஊர் ஓடினா ஒத்து ஓடு!

சரி, நான் வந்த விஷயம். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போற புள்ளைங்க பி1, பி2ங்கற மொழிப் பரீட்சைக்கு ஜெர்மனை இங்கிலீஷ் வழியாப் படிச்சு முழிக்குதுங்க. செய்யறேன், செய்யறே, செய்யறான்னு ஆளுக்கு ஆள் வால் மாத்தறது நமக்குப் பொறந்ததிலேருந்து தெரியும், இங்கிலீஷ்ல அது தேஞ்சு போச்சு, அப்புறம் எதுக்கு நடுவுல அந்தத் தரகர்? தமிழ் வழியா ஜெர்மன், சாயங்கால வகுப்பு, நூலக மாடி ரூம் சும்மாதானே கெடக்கு. மூணாவது விஷயத்துக்குள்ள செயலாளர் பெல் அடிச்சுட்டார், இருக்கட்டும், தலைவர் ஐயா அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் மைக்ல சொல்லிடுங்க.