பல்லக்கைத் தூக்குவது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்தில் தென் அமெரிக்காவின் எல்லாக் காலத்துப் பதினொரு பேரும் ஐரோப்பாவின் எல்லாக் காலத்துப் பதினொரு பேரும் மோதினால் யார் யாரை இறக்குவது? நானும் என் நண்பரும் பல வருடமாக வாதாடுகிறோம். அவருடைய தென் அமெரிக்க அணியில் பெலே, மாரடோனா, மெஸ்ஸி, கரிஞ்சா, ரொனால்டினோ ஐவரும் உண்டு. எல்லோரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார் என்பதுதான் என் கேள்வி.

1970இல் உலகக் கோப்பை வென்ற பிரேசிலை அவர் உதாரணம் காட்டுவார். அந்த இறுதி ஆட்டத்தின் நான்காவது கோலை நினைத்துப் பாருங்கள். கார்லோஸ் ஆல்பர்டோ அடித்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பந்தைப் பறிக்க மைதானத்தில் தன் அணியின் பாதிக்கே ஓடி வந்தவர் முன்கள வீரர் டோஸ்டாவ். அங்கிருந்து இத்தாலியர் நால்வரை ஏமாற்றி அதை வெளியே கொண்டுவந்தவர் நடுகள வீரர் க்ளோடோல்டோ. இருபது வயதுப் பையன்! பெலேவும் ஜெர்சனும் ரிவெலினோவும் அத்தனை பயமில்லாமல் முன்னேறினார்கள் என்றால், பின்னால் அவர் நின்றதால்தான். 2003இல் ரியல் மாட்ரிட், இதே காவல் வேலையைச் செய்த நடுகள வீரர் மகலேலேயை விற்றுவிட்டு, ஜிடான், ஃபிகோ, ரொனால்டோவோடு பெக்காமையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் ஸ்பெயினின் லா லிகா தொடரில் நான்காம் இடம்.

ஆகவே என் நடுகளத்தில் க்ளோடோல்டோ, அர்ஜென்டினாவின் தற்காப்பு வீரர் மஸ்கெரானோ, ஜெர்சன்.

முன்னால் மூவருக்குத்தான் இடம். பெலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய ஓர் ஆட்டத்தில்கூட பிரேசில் தோற்றதில்லை. அந்த ஜோடியைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. கரிஞ்சா வலது ஓரத்தில் நின்றாலே ஐரோப்பாவின் இடது பின்கள வீரர் மால்டினி மேலேறி வர யோசிப்பார். மீதி ஓர் இடம். மெஸ்ஸியா, மாரடோனாவா? இருவருக்கும் இடது கால், இருவரும் தேடுவது அதே இடைவெளியை. 1986இல் அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் பிலார்டோ முழு அணியையும் மாரடோனாவைச் சுற்றியே கட்டினார். இங்கே அதற்கு வழியில்லை. மெஸ்ஸிக்கு வேறொரு வேலை இருக்கிறது. 2009 மே 2 அன்று மாட்ரிட்டில் பார்சலோனா 6-2 என்று வென்றபோது, நடு முன்கள வீரராக இறங்கிய அவர் பின்வாங்கிப் பின்வாங்கி ஆடினார். துரத்துவதா, நிற்பதா என்று மாட்ரிட் தற்காப்பு தடுமாறியது. ஐரோப்பாவின் பின்களத்தில் ஜெர்மனியின் பெக்கன்பவர் இருப்பார். முன்னேறி வருவது அவர் பழக்கம். மெஸ்ஸி அவரை இழுத்து வரட்டும், அவர் விட்டுவந்த இடத்தில் பெலே பாயட்டும்.

மாரடோனாவை வெளியே உட்காரவைக்கிறேன். சொல்லும்போதே நெஞ்சு அடைக்கிறது, ஆனாலும் அதுதான் என் முடிவு.

போன வாரம் நண்பர் கேட்டார்: "எழுபது நிமிடம் ஆகியும் கோலே இல்லை. அப்போது?"

அப்போது மாரடோனா வருவார், மஸ்கெரானோ போவார். எதிரணிக் கால்கள் களைத்திருக்கும், நடுகளம் திறந்திருக்கும். க்ளோடோல்டோவை மட்டும் கடைசி விசில்வரை எடுக்கமாட்டேன்.