மூன்றாம் நாள் தெரியும் புண்: இதய அறுவை நோயாளிக்குப் படுக்கைப் புண் வருமா, எப்படிக் கணிப்பது?

(திரையில்: வால் எலும்பின் மேல் ஊதா நிறத் திட்டு)

பைபாஸ் முடிந்து மூன்றாம் நாள். விரிப்பு மாற்றப் புரட்டும்போது இந்தத் திட்டு கண்ணில் படுகிறது. தோல் கிழியவில்லை. "ஐசியூவில் திருப்பிப் படுக்க வைக்கவில்லை" என்ற பழி உடனே செவிலியர்மேல் விழும். உண்மையில் இது அறுவை மேசையிலேயே தொடங்கியிருக்கலாம். ஆழத்தில் நசுங்கிய தசை தோலில் நிறம் காட்ட 48 முதல் 72 மணி நேரம் ஆகும்.

(திரையில்: மல்லாந்த உடல், பின்தலை, தோள்பட்டை, வால் எலும்பு, குதிகால் சிவப்பில்)

மேசையில் நோயாளி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கிறார். இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரம் ஓடும்போது ரத்தம் பெரும்பாலும் துடிப்பில்லாமல் பாய்கிறது, அழுத்தமும் தாழ்கிறது. உடலைக் குளிர்விப்பதால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. பிறகு சூடேற்றும்போது திசு கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சிக்கிய இடத்துக்கு அது போய்ச் சேராது. அதன்மேல் ரத்தக்குழாயைச் சுருக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினும் ஓடினால் தோலுக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும்.

படுக்கைப் புண் ஆபத்தை மதிப்பெண்ணால் கணிக்கும் பிரேடன் அளவுகோல் 1987-இல் வந்தது. மதிப்பெண் 6 முதல் 23 வரை. 18-க்கு வந்தாலே ஆபத்து, குறையக் குறைய ஆபத்து கூடும். அட்மிஷன் அன்று நடந்து, சாப்பிட்டு இருப்பவர் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். அறுவை முடிந்து மயக்கத்தில் வென்டிலேட்டரில் இருக்கும்போதோ எல்லோருக்குமே மதிப்பெண் தரைமட்டம். யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை அது பிரித்துக் காட்டாது. அறுவைக்கு முன், அறுவையின்போது, அறுவைக்குப் பின் என மூன்று கட்டங்களையும் கூட்டிப் பார்க்கும் மன்ரோ அளவுகோல் இங்கே பொருத்தமானது.

எந்த அளவுகோல் வைத்திருந்தாலும், அறுவை அரங்கிலிருந்து ஐசியூவுக்கு ஒப்படைக்கும் தாளில் இவை கட்டாயம் இருக்கட்டும்: மேசையில் கிடந்த மொத்த நேரம், இயந்திரம் ஓடிய நிமிடங்கள், மிகக் குறைந்த சராசரி ரத்த அழுத்தம், மிகக் குறைந்த வெப்பநிலை, நார்அட்ரினலின் அளவு. ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமினுக்கு அறுவைக்கு முந்தைய அளவை எடுங்கள். இயந்திரத்தில் ரத்தம் நீர்த்துப்போவதால், பிந்தைய எண்ணை வைத்து ஊட்டச்சத்தை எடைபோட முடியாது.

(திரையில்: குதிகாலை அழுத்தும் விரல்)

ஐசியூ கட்டிலுக்கு மாற்றியதுமே தோலைப் பாருங்கள். சிவந்த இடத்தை மூன்று விநாடி அழுத்தி விடுங்கள். வெளுக்காவிட்டால் சேதம் தொடங்கிவிட்டது. கருத்த தோலில் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கே புறங்கையால் சூட்டையும் குளிர்ச்சியையும் தடவிப் பாருங்கள். இறுக்கமோ கொழகொழப்போ தட்டுப்படுகிறதா என்று விரலால் உணருங்கள். முதுகுக்கடியில் ஈசிஜி ஒயர் சிக்கியிருந்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.

தலையணை கெண்டைக்கால் முழுவதையும் தாங்கட்டும், குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். திருப்பினால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா? இடுப்பை மெதுவாக, கொஞ்சமே சாய்த்து நிறுத்துங்கள். மானிட்டர் நிலைத்ததும் இன்னும் கொஞ்சம்.

ரத்தக்கசிவுக்காக மறுபடி மேசைக்குப் போனால் கணக்கைப் புதிதாகத் தொடங்காதீர்கள். முதல் அறுவையின் நேரத்தோடு இதையும் கூட்டுங்கள். 72 மணி நேரக் கண்காணிப்பை மட்டும் இரண்டாவது அறுவை முடிந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள்.