கேபிள் கரைக்கு வந்துவிட்டது, அப்புறம்?

(ஜார்ஜ்டவுனில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘வளரும் நாடுகளில் மின்னிலக்க இடைவெளியும் வட்டார ஒத்துழைப்பும்’ என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். இணையம் கைக்கு வந்தவருக்கும் வராதவருக்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் மின்னிலக்க இடைவெளி என்கிறார்கள். சனிக்கிழமை மாலை, அதுவும் இந்த மழையில், இப்படியொரு தலைப்புக்கு இத்தனை பேர் வந்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தீவிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். பினாங்கிலிருந்து கடலுக்கடியில் ஒரு கேபிள் போகிறது. ‘பே ஆஃப் பெங்கால் கேட்வே’ என்று பெயர். இலங்கையில் ரத்மலானை, பிறகு சென்னை, மும்பை, அங்கிருந்து அமீரகம், ஓமான். மலேசியா, இலங்கை, இந்தியா, வளைகுடா என்று பல நாட்டு நிறுவனங்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு இழுத்த கேபிள் அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி நாள்கணக்கில் அலைபட்டு இங்கே வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் பலர். இன்று அதே கடலைக் கடக்க ஒரு செய்திக்கு ஒரு நொடிகூட வேண்டாம்.

வட்டார ஒத்துழைப்பு என்றதும் அமைச்சர்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கும் படம்தான் நம் கண்முன் வரும். கேபிள் விஷயத்தில் அது வெறும் படம் இல்லை. 2006 டிசம்பர் 26 அன்று தைவானுக்குத் தெற்கே நிலநடுக்கம் வந்து கடலடிக் கேபிள்கள் வரிசையாக அறுந்தன. ஹாங்காங்கிலும் இங்கேயும் இணையம் பல நாள் நொண்டியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். லாவோஸுக்குக் கடற்கரையே கிடையாது. அண்டை நாட்டு நிலத்தின் வழியாகத்தான் அதற்கு இணையம் போயாக வேண்டும். ஆகவே இந்த அளவில் நாடுகள் ஒத்துழைக்கின்றன. பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன், வேறு வழியில்லை.

ஆனால் இன்றைய இடைவெளி கடலில் இல்லை. ஐக்கிய நாடுகளின் தொலைத்தொடர்பு அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்குப்படி அந்த ஆண்டில் உலகில் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். உலக மக்களில் நூற்றுக்கு 95 பேருக்கும் மேல் கைப்பேசி இணைய அலை எட்டும் இடத்தில் வாழ்கிறார்கள் என்றும் அதே அமைப்புதான் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இணையத்துக்கு வெளியே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு மேலே கோபுரம் இருக்கிறது. அலை தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது, கைக்கு வரவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டவொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் பெரியவர்களுக்குக் கைப்பேசி சொல்லித் தருகிறோம். ஒரு பாட்டி வந்தார். பேரன் கழித்துக் கொடுத்த கைப்பேசி, மூலையில் கண்ணாடி விரிசல். உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும். “தம்பி, எல்லாம் இதிலதான் செய்யணுமாம், ஆபீஸ்ல சொல்லி அனுப்பிட்டாங்க” என்றார். விண்ணப்பப் பாரம் மலாயில் இருந்தது. பாட்டி சந்தையில் மலாய் பேசினால் நாம் வாயடைத்து நிற்க வேண்டும், ஆனால் படிக்கத் தெரியாது. சரி, நான் படித்துச் சொன்னேன். அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்றினோம், ‘கோப்பு பெரிது’ என்று திருப்பியது. அதைச் சுருக்கி ஏற்றினோம். கடைசியில் ஓடிபி. அது மகனுடைய எண்ணுக்குப் போகும்படி யாரோ எப்போதோ பதிந்துவிட்டார்கள். மகன் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டில் இருக்கிறார், கைப்பேசி லாக்கரில். அவர் இடைவேளைக்கு வந்து எண்ணைச் சொல்வதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது. இத்தனை நேரமும் திரையின் மேல் ஓரத்தில் 5ஜி என்று எழுதியிருந்தது, கோடுகள் அத்தனையும் நிறைந்திருந்தன.

இன்டெல் 1972-இலேயே வந்திறங்கிய ஊர் இது. பாயான் லெப்பாஸில் உலகத்துக்கே சிப் பொருத்திச் சோதித்து அனுப்புகிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாரத்தை நிரப்ப முடியவில்லை.

2000-ஆம் ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள் ‘இ-ஆசியான்’ கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கம்போடியா, லாவோஸ், மியன்மார், வியட்நாம் ஆகிய நாலும் பின்தங்கிவிடக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது. அதன்பின் பெருந்திட்டங்கள் வந்தன, மாநாடுகள் வந்தன. 2025 அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் திமோர் லெஸ்தேயும் 11-ஆவது உறுப்பினராகச் சேர்ந்துவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். தாய்லாந்தின் ஹட்யாய்க்குப் போய் டொம்யாம் சூப் சாப்பிட்டால் நம் ஊர்க் கைப்பேசியாலேயே கியூஆர் குறியை ஸ்கேன் செய்து காசு கட்டலாம். இரண்டு நாட்டு மத்திய வங்கிகளும் உட்கார்ந்து பேசியதால் வந்த வசதி. ஆனால் கவனியுங்கள், ஏற்கெனவே கைப்பேசியும் வங்கிக் கணக்கும் வைத்திருப்பவருக்குத்தான் அது வசதி. ஒப்பந்தங்கள் எல்லையைக் கடக்கின்றன. இடைவெளியோ எல்லைக்குள்ளே, ஒரே ஊருக்குள்ளே, சில சமயம் ஒரே வீட்டுக்குள்ளே இருக்கிறது.

விலையையும் மறந்துவிடக் கூடாது. மியன்மாரில் ஒரு காலத்தில் சிம் அட்டை வாங்க நூற்றுக்கணக்கான டாலர் வேண்டும். 2014-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் நுழைந்ததும் 1,500 கியாட்டுக்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை டாலருக்கு, தெருவோரத்தில் கூவி விற்றார்கள். நாடே ஓரிரு ஆண்டுகளில் கைப்பேசிக்கு மாறியது. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்பது தனிக் கதை; இணையத்தைத் திறந்த கையால் அதை மூடவும் முடியும்.

அந்த மியன்மாரிலிருந்தே இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது நம் தமிழோடு சம்பந்தப்பட்டது. 90-களில் தமிழ் இணையத்தை மேய்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கினால்தான் படிக்கலாம், இல்லாவிட்டால் திரையில் கொக்கி கொக்கியாக வரும். அதைச் சரிசெய்ய எந்த அமைச்சரும் முதலில் வரவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, இங்கே முத்து நெடுமாறன், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இருந்த ஆர்வலர்கள் எல்லோரும் மின்னஞ்சலில் மணிக்கணக்காகச் சண்டை போட்டார்கள். 1997-இல் சிங்கப்பூரில் கூடினார்கள், 1999-இல் சென்னையில். 2000-இல் உத்தமம் என்ற அமைப்பு பிறந்தது. 2001 மாநாடு கோலாலம்பூரில். தமிழ்99 விசைப்பலகை அப்படி வந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோடுக்கு ஊர்கூடித் தேர் இழுத்ததும் அப்படித்தான். இன்று உங்கள் வாட்ஸ்அப்பில் தமிழ் சிதறாமல் வருகிறதென்றால் அதற்குப் பின்னால் ஒரு வட்டார ஒத்துழைப்பு இருக்கிறது. யாரும் அந்தப் பெயரால் அதை அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

மியன்மாரில் இது நேரத்தோடு நடக்கவில்லை. பர்மிய எழுத்து 1999-இலேயே யுனிகோடில் இருந்தது. ஆனால் சோஜி என்ற தனிவழி எழுத்துரு நாடெங்கும் பரவிவிட்டது. ஒருவர் எழுதியது இன்னொருவர் கைப்பேசியில் குழம்பித் தெரிந்தது. அரசு முறையாக யுனிகோடுக்கு மாறியது 2019 அக்டோபர் 1-இல்தான். அதற்குள் ரொஹிங்கியா மக்கள் மீதான வெறுப்புப் பதிவுகள் கொட்டிக் கிடந்தன. அவற்றைக் கண்டுபிடித்து நீக்க இந்த எழுத்துருக் குழப்பமும் தடையாக இருந்தது என்று பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. வெறும் எழுத்துருதானே என்று நினைக்கும் நண்பர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஐடிஆர்சி என்ற கனடா நாட்டு ஆய்வு நிதி நிறுவனத்தின் நிதியில் 2004-இல் தொடங்கிய ‘பேன் லோக்கலைசேஷன்’ திட்டத்தை நினைக்க வேண்டும். நடத்தியது லாகூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையம். பூட்டான், கம்போடியா, லாவோஸ், நேபாளம், இலங்கை எல்லாம் அதில் சேர்ந்து, தத்தம் மொழிக்கு விசைப்பலகையும் எழுத்துருவும் அகராதியும் செய்துகொண்டன. பெரிய நாடு சின்ன நாட்டுக்குப் படியளந்தது என்றில்லாமல், ஒரே சங்கடத்தில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த ஒத்துழைப்பு இந்த வகைதான்.

கடைசித் தூரத்தை யார் கடப்பது? புதுச்சேரி வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 90-களின் கடைசியில் தகவல் மையம் வைத்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஊர்ப் பெண்களே தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் கரையெங்கும் படித்தார்கள். கணினியைத் தொடாத மீனவருக்கும் இணையம் போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்கு அழைத்தார். கடல் நிலைமையைச் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், 3,000 பேருக்கும் மேல் ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. உயிர்கள் மிஞ்சின.

சரவாக்கில் பாரியோ என்ற மலைமேட்டிலும் இதே கதைதான். மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் வழியாக இணையம் கொண்டுபோனது, மின்சாரம் சூரிய ஒளியில். அது ஓடியதற்குக் காரணம் செயற்கைக்கோள் தட்டு மட்டுமல்ல. அங்கே வாழும் கெலாபிட் பழங்குடி மக்களே அதை நடத்தக் கற்றுக்கொண்டார்கள்.

பேச்சு முடிந்ததும் ஒருவர் கேட்டார்: “எல்லாம் சரிதான் ஐயா, காசு யார் கொடுப்பது?” நியாயமான கேள்வி. காசு இருக்கிறது. மலேசியாவில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்கும் சேவை என்ற நிதிக்குக் கட்ட வேண்டும். இந்தியாவில் 5, இந்தோனேசியாவில் 1.25. பெரும்பகுதி கோபுரத்துக்கும் கேபிளுக்கும் போகிறது. அதில் ஒரு துளியை ஒதுக்கி, எல்லோருக்கும் பொதுவானதை ஒரு முறை செய்துகொள்ளலாமே என்றேன். உதாரணமாக, பேசினால் பாரத்தை நிரப்பித் தரும் மென்பொருள். இந்தியாவில் 2022 முதல் பாஷிணி என்ற அரசுத் திட்டம் இருக்கிறது, தமிழும் அதில் உண்டு. ஆனால் சென்னைக் குரலில் பழகிய எந்திரம், சந்தையில் கடிதம் கொடுத்தார்கள் என்பதை “பாசார்ல சூராட் குடுத்தாங்க” என்று நம் பாட்டி மலாய் கலந்து சொன்னால் என்ன செய்யும்? நம் பேச்சை நாம்தான் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தார் தம் பேச்சை, மலையகத்தார் தம் பேச்சை.

ஞாயிறு வகுப்பில் நாங்கள் ஒலிப்பதிவு தொடங்கப்போகிறோம். குரல் கொடுக்க விரும்புவோர் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். தேநீரும் வடையும் அதே மேசையில்தான் வைத்திருக்கிறார்கள்.