ஒரே வைரஸ், ஒரு குழந்தைக்கு மட்டும் ஏன்?

வணக்கம். இன்று பேசப்போவது சைட்டோமெகலோ வைரஸ் பற்றி, சுருக்கமாக சி.எம்.வி. பெயரே கேள்விப்பட்டதில்லையா, பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பெரும்பாலோர் உடம்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. நம் நாட்டில் பத்துப் பெண்களில் ஒன்பது பேருக்காவது தாயாகும் முன்பே தொற்றியிருக்கும். வந்தது போகாது, உள்ளேயே பதுங்கிக் கிடக்கும்.

கர்ப்பத்தில் அது மறுபடி கிளம்பினாலோ, வேறு ரகம் புதிதாகத் தொற்றினாலோ, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகலாம். அப்படித் தொற்றோடு பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் நன்றாகவே பிறக்கிறார்கள். மற்றவருக்குத் தலை சிறுத்திருக்கலாம், கல்லீரல் வீங்கியிருக்கலாம், காது கேட்காமல் போகலாம்.

ஒரே வைரஸ், ஏன் இவ்வளவு வித்தியாசம்? பச்சிளம் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் நான். மும்பையில் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் நம் குடும்பங்களில் இந்தக் கேள்வி வேறு மாதிரி வரும்: "பப்பாளி சாப்பிட்டியா? கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" கேட்பது பாட்டி. பதில் சொல்ல முடியாமல் அந்தப் பெண் குழந்தையின் துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

பதில் கிடைக்கத் தொடங்கிய இடம், வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தப் பழ ஈ. அதன் உடல் வடிவம் அமையத் தேவையான 'டோல்' என்ற மரபணு முதலில் தெரியவந்தது. அப்புறம் 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, அந்த மரபணு வேலை செய்யாத ஈக்களுக்குப் பூஞ்சையைத் தொற்றவைத்துப் பார்த்தது. செத்த ஈயின் உடம்பெல்லாம் பூஞ்சை இழை முளைத்திருந்தது! உடலைக் கட்டிய மரபணுவே காவலும் காத்திருக்கிறது. 1998இல் புரூஸ் பாய்ட்லர் எலியில் அதன் உறவுக்கார மரபணுவைப் பிடித்தார். 2011இல் இருவருக்கும் நோபல் பரிசு. ஈயைப் பற்றி அதிகம் பேசிவிட்டேன், ஆனால் எனக்கு இது அலுக்காது.

நம் உடம்பிலும் இந்த டோல் வகை மரபணுக்கள் உண்டு. அவை உருவாக்கும், கிருமியைக் கண்டுகொள்ளும் புரதங்கள்தான் டோல் ஏற்பிகள், சுருக்கமாக டி.எல்.ஆர்., ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கட்டட வாசலில் வாட்ச்மேன் அந்நியரைப் பார்த்ததும் விசில் அடிப்பதுபோல, டி.எல்.ஆர்.2 வைரஸின் மேலுறையைக் கண்டுகொள்ளும், டி.எல்.ஆர்.9 செல்லுக்குள் வைரஸின் டி.என்.ஏ.வைக் கண்டுகொள்ளும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், இந்த எச்சரிக்கை பலவீனமாகலாம். டி.எல்.ஆர்.2இல் 753ஆவது இடத்து மாற்றம் அப்படிப்பட்டது. போலந்திலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகளில் இந்த ஏற்பி மரபணுக்களின் சில வேறுபாடுகள் பிறவி சி.எம்.வி.யோடு சேர்ந்து காணப்பட்டன. சிறிய ஆய்வுகள்தான், இதை வைத்து யாரும் கர்ப்பிணிக்கு மரபணு டெஸ்ட் எழுதித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள், குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. நஞ்சுக்கொடியிலும் அப்படித்தான். அப்புறம் அம்மாவிடம் மட்டும் ஏன் விசாரணை? பாட்டிமாரே, தயவுசெய்து அந்தக் கேள்வியை விடுங்கள்.

செய்யக்கூடியது எச்சில் விஷயம். மூத்த குழந்தை கடித்து வைத்த இட்லியை அம்மா வாயில் போடுவது நம் வீட்டு வழக்கம். கர்ப்பத்தில் அது வேண்டாம். மூக்கைத் துடைத்தால், டயப்பர் மாற்றினால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முத்தம் நெற்றியில் போதும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள், சரி, வேகமாகச் சொல்கிறேன். பிறந்த குழந்தை காது டெஸ்டில் தேறவில்லையென்றால் சி.எம்.வி. டெஸ்ட் கேளுங்கள், பிறந்து மூன்று வாரத்துக்குள், பிறகு எடுத்தால் வயிற்றிலேயே வந்ததா வெளியே வந்ததா என்று பிரிக்க முடியாது. மூன்று வாரம், மறக்காதீர்கள். பாதிப்பு இருந்தால் முதல் மாதத்தில் தொடங்க வேண்டிய மருந்து இருக்கிறது. எச்சில் மாதிரியைப் பால் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள், தாய்ப்பாலிலும் வைரஸ் இருக்கும், முடிவு குழம்பிவிடும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். நன்றி, வணக்கம்.