புருவத்துக்கு மேல் ஒரு பிறை

நேயர்களுக்கு வணக்கம்.

என் வலது புருவத்துக்குச் சற்று மேலே நகம் கீறியதுபோல வளைந்த ஒரு வடு இருக்கிறது. முப்பது ஆண்டுப் பழைய வடு. வேட்டை ரைபிள்களுக்கு ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பொருத்திக் கொடுப்பது என் தொழில். இதே பிறையை எத்தனையோ முகங்களில் பார்த்துவிட்டேன். அதே இடம், அதே வளைவு. ஸ்கோப்பின் பின்விளிம்பு வெட்டினால் அப்படித்தான் வெட்டும்.

வடு விழுந்த அன்று என் கையில் இருந்தது இன்னொருவருடைய ரைபிள், 375 எச் அண்ட் எச் மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுவது. நின்றபடி இரண்டு முறை சுட்டேன். தோள் வலித்தது, அவ்வளவுதான். மூன்றாவது முறை குப்புறப் படுத்தேன். குறி சிறிதாகத் தெரியவே, உருப்பெருக்கத்தைக் கூட்டினேன். காட்சியின் ஓரம் கறுத்தது. கறுப்பு விலகட்டும் என்று முகத்தை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினேன். விசையை அழுத்தியதுதான் நினைவிருக்கிறது. வெதுவெதுப்பாக ஏதோ கண்ணுக்குள் வழிந்தது. துடைத்த கை சிவந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் ரத்தம் என்று தெரிந்தது.

கண்ணுக்கும் ஸ்கோப்பின் கடைசிக் கண்ணாடிக்கும் நடுவே ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான் காட்சி முழு வட்டமாகத் தெரியும். இதை ஐ ரிலீஃப் என்பார்கள். நான் கண் இடைவெளி என்று சொல்கிறேன். சாதாரண வேட்டை ஸ்கோப்புகளில் இது மூன்றிலிருந்து நான்கு அங்குலம் வரை இருக்கும். கண் தள்ளிப் போனாலும் நெருங்கினாலும் ஓரத்தில் கரிய நிழல் விழும். நிழல் விழுந்தால் முகம் தானாக முன்னே போய்விடுகிறது. அது மனித இயல்பு, அதைத் திட்டிப் பயனில்லை.

சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் பின்னுதைப்பு எவ்வளவு வலுவானது என்பதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். 1906இல் வந்த 30-06 தோட்டா, மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ரைபிளில் ஏறக்குறைய 27 ஜூல் ஆற்றலோடு பின்னால் உதைக்கும். 1912இல் வந்த 375 எச் அண்ட் எச், நான்கு கிலோ ரைபிளில் ஏறக்குறைய 50 ஜூல். 1956இல் வந்த 458 வின்செஸ்டர் மேக்னம் அதே எடையில் 80 ஜூலைத் தொடும். துப்பாக்கியின் எடையையும் வெடிமருந்தின் அளவையும் பொறுத்து இவை கூடும், குறையும். ஆனால் எனக்கு ஆற்றலைவிட வேகம்தான் கவலை. அந்த 375 ரைபிள் வினாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் பின்னே கிளம்புகிறது. தோள் தடுக்காவிட்டால் நான்கு அங்குலத்தைக் கடக்க அதற்கு 20 மில்லிவினாடி போதும். ஒருமுறை கண் இமைக்க 100 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். விலகிக்கொள்ளலாம் என்று நினைக்கவே நேரமில்லை. முன்கூட்டியே விட்டுவைத்த இடைவெளிதான் காப்பாற்ற வேண்டும்.

ஸ்கோப்பின் விவரத்தாளில் கண் இடைவெளிக்குப் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். உருப்பெருக்கம் மாறும் ஸ்கோப்புகள் பலவற்றில், உருப்பெருக்கம் ஏற ஏற இடைவெளி குறையும். பெரிய எண் குறைந்த உருப்பெருக்கத்துக்கு உரியது, சிறியது உயர்ந்ததற்கு. வாங்குபவர்களின் கண் பெரிய எண்ணிலேயே நிற்கிறது. நான் அதன்மீது விரலை வைத்து மறைத்துவிட்டு, மற்றதைப் படிக்கச் சொல்வேன். அந்தச் சிறிய எண் 30-06 போன்ற ரைபிளுக்கு மூன்றரை அங்குலமாவது இருக்கட்டும். 375க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் நான் பொருத்தித் தர மாட்டேன். அச்சிட்ட எண்ணை நம்ப மனமில்லையா? துப்பாக்கியில் பொருத்தாத ஸ்கோப்பை வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடியுங்கள். சூரியன் பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மெல்லப் பின்னே நகர்த்துங்கள். தாளில் ஓர் ஒளிவட்டம் விழும். அது எந்த இடத்தில் மிகச் சிறிதாகவும் கூர்மையாகவும் தெரிகிறதோ, அங்கிருந்து கண்ணாடி வரை அளவுகோலால் அளந்துவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னே நிற்கிறது. நான்கு அங்குல இடைவெளி உங்களுக்கு மூன்றரையாகவே மிஞ்சும். ஸ்கோப் முதலில் மோதுவது உங்கள் கண்ணாடியில்தான். ஓரத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். ரப்பர் வெட்டை ஆழமாகாமல் தடுக்கலாம், அடியைத் தடுக்காது.

நீண்ட கண் இடைவெளி இலவசமாகக் கிடைப்பதில்லை. ஸ்கோப் கண்ணாடியின் அகலம் அப்படியே இருக்க, கண் விலகினால் பார்வைப்பரப்பு சுருங்கும். சன்னலை விட்டுப் பின்னே நகர்ந்தால் தெருவின் குறைந்த பகுதியே தெரிவது போலத்தான். இந்த எண்ணத்தைக் கடைசிவரை கொண்டுபோனது ஸ்கவுட் ரைபிள். 1980களில் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் பரப்பிய அந்த அமைப்பில், ஸ்கோப் முன்னே போய்த் துப்பாக்கிக் குழலின் மேல் உட்காரும்; இடைவெளி ஒன்பது பத்து அங்குலம். புருவத்துக்கு ஆபத்தே இல்லை. ஆனால் சூரியன் முதுகுப்பக்கம் இருந்தால் கண்ணாடியில் கூசும், மங்கிய ஒளியில் சிரமப்படும். பெரிய விலங்குக்கு என் தேர்வு, ஒன்று முதல் நான்கு அல்லது ஐந்து மடங்கு வரை பெரிதாக்கும் சிறிய ஸ்கோப். 24 மி.மீ. முகப்புக் கண்ணாடியை நான்கு மடங்கால் வகுத்தால், வெளியே வரும் ஒளிக்கற்றை 6 மி.மீ. அகலம். கண் சற்று விலகினாலும் காட்சி தப்பாது. 40 மி.மீ. ஸ்கோப்பை 12 மடங்கில் வைத்தால் கற்றை 3 மி.மீ. சொச்சம்தான், அந்திப் பொழுதில் அதைத் தேடி அலையும் முகம்தான் அடிபடும் முகம். சிறிய ஸ்கோப்பில் இன்னொரு வசதி, முகப்பு புடைத்திருக்காது. நேர்க்குழலாக இருப்பதால், ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்து நிறுத்தும் வளையங்களுக்குள் வேண்டிய அளவு முன்னே தள்ளலாம். இதை மறந்தவர்கள் நிறைய. நீளமான மேக்னம் தோட்டாவுக்கு ரைபிளின் நடுப்பகுதியும் நீளம். முன் வளையமும் பின் வளையமும் தள்ளித் தள்ளி நிற்கும். குட்டைக் குழல் ஸ்கோப் அவற்றுக்கிடையே சிக்கிக்கொண்டு, ஓர் அங்குலம்கூட முன்னே நகராது. விவரத்தாளில் எத்தனை அங்குலம் போட்டிருந்தும் என்ன பயன்?

பொருத்தும்போது ரைபிள் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, ஸ்கோப்பை முடிந்தவரை முன்னே தள்ளுங்கள். குப்புறப் படுத்து, கண்ணை மூடி, ரைபிளைத் தோளில் பதித்து, கன்னத்தைத் துப்பாக்கியின் கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டம் தெரியும்வரை ஒருவர் ஸ்கோப்பை மெல்ல மெல்லப் பின்னே இழுக்கட்டும். வட்டம் நிறைந்ததும் நிறுத்துங்கள். படுக்கும்போது கழுத்து முன்னே நீள்கிறது. மேட்டை நோக்கிச் சுடும்போதும் அப்படியே. அந்த நிலைக்குப் பொருந்திய ஸ்கோப், நிற்கும்போது ஓரம் கறுத்துத் தெரியலாம். பதற வேண்டாம். நின்று சுடுகிறவர் உருப்பெருக்கத்தைக் குறைத்துத்தான் வைத்திருப்பார். குறைந்ததில் இடைவெளி நீளும், வட்டம் நிறைந்துவிடும்.

வளையங்களை இறுக்கியதும், பின் வளையத்தின் பின்விளிம்பை ஒட்டி ஸ்கோப் குழலின்மேல் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போடுகிறேன். பத்துத் தோட்டா சுட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பாருங்கள். உதையில் ரைபிள் பின்னே பாயும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். வளையம் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் அது முன்னே வழுக்கும், கோடு வளையத்துக்குள் மறையும். காட்சி மெல்லக் கறுக்க, உங்கள் முகமும் உங்களுக்குத் தெரியாமலே அதன் பின்னால் போகும். கோட்டைக் காணவில்லை என்றால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு, திருகாணிகளைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மறுபடியும் படுத்து முதலிலிருந்து பொருத்துங்கள்.

நன்றி, வணக்கம்.